சூடுபத்தினசேனையில் எதை எழுப்புவது? கல்லுக்கு முன் கொஞ்சம் வரலாறு

 

ஓட்டமாவடி மஜ்மா நகர் மையவாடியில் கொவிட் காலத்து மரணங்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்ற பேச்சு நம் ஊர்களில் அவ்வப்போது எழுகிறது, அடங்குகிறது. ஒருவர் தூபி என்கிறார். மற்றவர் பெயர்ச் சுவர் என்கிறார். "கபுறும் மீஸான் கட்டையும் இருக்கே, அதுக்கு மேல என்னத்துக்கு?" என்று கேட்பவரும் இருக்கிறார். "பழசைக் கிளறி மறுபடியும் பிரச்சினையா?" என்று பயப்படுகிறவரும் இருக்கிறார். நான்கு பேர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் முடிவெடுக்க முன் நடந்ததை நாம் வரிசையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் அரைகுறையாகத்தான் ஞாபகம். முதலாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. நீளமான பதிவு. அஸருக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

*நடந்தது என்ன?*

2020 ஜனவரி 27இல் இலங்கையில் முதல் தொற்றாளர் அடையாளம் காணப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர். மார்ச் 28இல் நாட்டின் முதல் கொவிட் மரணம். இரண்டு நாள் கழித்து, மார்ச் 30இல், நீர்கொழும்பில் முதல் முஸ்லிம் மரணம். அந்த ஜனாஸா குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது.

உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு ஒரு வாரம் முன்னரே, மார்ச் 24இல், தன் வழிகாட்டலை வெளியிட்டிருந்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பது அதன் சாரம். நம் சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலிலும் அடக்கத்துக்கு இடம் இருந்தது. அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி, எரிப்பதை மட்டுமே சட்டமாக்கியது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் என்று பார்த்தால், 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். மும்பாயில் பிளேக் பரவிய காலத்துச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டம் 123 வருடத்துக்குப் பிறகு நம் வீட்டு மையித்தின் மேல் வந்து நின்றது.

நிலத்தடி நீர் மாசுபடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அதற்கு அறிவியல் ஆதாரம் காட்டப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அந்த மாதமே கொழும்பில் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தை எரிக்கப்பட்டது. பல குடும்பங்கள் "எங்கள் கையால் எரிக்கக் கொடுக்க மாட்டோம்" என்று சொல்லி ஜனாஸாவைப் பொறுப்பேற்க மறுத்தன. உரிமை கோரப்படாத உடல்கள் என்று சொல்லி அவையும் எரிக்கப்பட்டன. டிசம்பர் இறுதியில், அரசு தானே நியமித்த நிபுணர் குழு ஒன்று அடக்கம், எரிப்பு இரண்டையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்படியும் எரிப்பு நிற்கவில்லை.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழ் மக்களின் கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பை நிறுத்தும் கோரிக்கையும் இருந்தது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து அதில் சேர்ந்துகொண்டார்கள். பெப்ரவரி 10இல் அப்போதைய பிரதமர் பாராளுமன்றத்தில் அடக்கத்துக்கு அனுமதி என்றார். மறுநாளே அது நழுவியது. பெப்ரவரி 23இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போனார். 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது.

அனுமதி வந்த பிறகும் இடம் எங்கே என்ற கேள்வி இருந்தது. மார்ச் ஆரம்பத்தில் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு என்று அறிவித்தார்கள். அந்தத் தீவு மக்கள் 1992இல் இடம்பெயர்க்கப்பட்டு, 2018இல் தாங்களாகவே படகேறிப் போய்த் தங்கள் மண்ணை மீட்டவர்கள். அவர்கள் எதிர்த்தார்கள். நம்மில் சிலர் அன்று கோபப்பட்டோம். கால் நூற்றாண்டு காணி இழந்திருந்தவர்களின் காணியை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு காயப்பட்ட சமூகத்துக்கு நீட்டியவர்கள் யார் என்பதை அந்தக் கோபத்தில் யோசித்தவர்கள் குறைவு. காணி என்றால் என்னவென்று கிழக்கு முஸ்லிம்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

கடைசியில் ஓட்டமாவடிப் பிரதேச சபை எல்லைக்குள் இருக்கும் மஜ்மா நகர், சூடுபத்தினசேனை தெரிவானது. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் அடக்கம். 2022 மார்ச் 5ஆம் திகதியிலிருந்து விரும்பிய மையவாடியில் அடக்கலாம் என்ற அனுமதி வந்தது. நடுவில் ஒரு வருடம், நாட்டின் எந்த மூலையில் கொவிட்டால் இறந்தாலும், அடக்கம் வேண்டுமென்றால் இந்த ஒரே இடம்தான்.

*எண்கள் சொல்வது*

மஜ்மா நகரில் அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். அதில் முஸ்லிம்கள் 2,992. பௌத்தர்கள் 287. இந்துக்கள் 270. கிறிஸ்தவர்கள் 85.

இந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்கள் 642 பேர். ஆறில் ஒருவருக்கும் சற்று அதிகம். "முஸ்லிம்களின் பிடிவாதம்" என்று தொலைக்காட்சியில் பேசியவர்களுக்கு இந்த எண்ணே பதில். தாயை மண்ணில் வைக்க வேண்டும் என்ற ஆசை பௌத்தருக்கும் இருந்தது, இந்துவுக்கும் இருந்தது, கிறிஸ்தவருக்கும் இருந்தது. நம் மட்டக்களப்புப் பக்கத்திலேயே தமிழ்ச் சகோதரர்களில் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறையாக அடக்கம் செய்கிறவர்கள் என்பதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள்.

அதே நேரம், அடக்கம் கிடைக்காமல் போனவர்களின் கணக்கும் இருக்கிறது. கட்டாயமாக எரிக்கப்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள் 276. 2024 ஜூலை 22ஆம் திகதி கூடிய அமைச்சரவை, கட்டாய எரிப்பால் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. நீர் நிலைகளில் 2021 ஜூலையிலும் 2024 மார்ச்சிலும் செய்யப்பட்ட ஆய்வுகள், அடக்கம் செய்வதால் வைரஸ் பரவாது என்பதை உறுதி செய்தன என்று அரசே ஒப்புக்கொண்டது. மன்னிப்பு பத்திரிகையில் வந்தது. பத்திரிகை மறுநாள் வடை சுற்றிக் கொடுக்கப் போய்விட்டது. அதை ஒரு கல்லில் பார்த்தவர் நம்மில் யாரும் இல்லை.

*கொள்ளைநோயை மனிதர் எப்படி நினைத்தார்கள்?*

போருக்கும் வெற்றிக்கும் தூண் எழுப்பிய அளவுக்கு நோய்க்கு மனிதர் எழுப்பவில்லை. 1918இன் இன்ஃபுளுவென்சா உலகில் 5 கோடிப் பேரைக் கொண்டுபோனது என்று மதிப்பிடுவார்கள். அதே ஆண்டு முடிந்த போருக்கு ஊருக்கு ஊர் தூண் இருக்கிறது, காய்ச்சலுக்கு அபூர்வம். நம் நாட்டில் 1934-35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருணாகல் பக்கத்துக் கிராமங்கள் காலியாகின. அந்த மரணங்களுக்கென்று ஒரு சந்தியிலும் ஒரு கல்லை நாம் கண்டதில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு வரி வரும், பிள்ளைகள் அடிக்கோடிடுவார்கள், முடிந்துவிடும்.

ஆனால் நினைவு கல்லில் மட்டும் தங்குவதில்லை. ஹிஜ்ரி 18இல் சிரியாப் பக்கம் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதா (ரழி) உட்பட ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கலீபா உமர் (ரழி) நோய் பரவிய ஊருக்குள் போகாமல் பாதி வழியில் திரும்பினார். அதற்குத் தூபி இல்லை. ஆனால் 1,400 வருடமாக மிம்பரில் அந்தச் சம்பவம் சொல்லப்படுகிறது. 2020இல் ஜும்ஆவை நிறுத்தி வீட்டில் ழுஹர் தொழச் சொன்னபோது நம் உலமாக்கள் எடுத்துச் சொன்ன ஆதாரம் அதுதான். நினைவு வேலை செய்தது.

வியன்னா நகரின் நடுவே ஒரு பிளேக் தூண் இருக்கிறது. 1679இல் வந்த நோய்க்காக நேர்ந்துகொண்டு 1690களில் கட்டி முடித்தார்கள். ஹைதராபாத்தின் சார்மினார் 1591இல் எழுந்தது; கொள்ளைநோய் நீங்கியதற்காகக் கட்டியது என்ற வழக்கு இன்றும் சொல்லப்படுகிறது. இரண்டும் பெரியவை, அழகானவை. இரண்டிலும் ஆண்டவனுக்கும் அரசனுக்கும் இடம் உண்டு. இறந்த சாதாரண மனிதர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

நம் வாவிக்கே வருவோம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் சடங்கு நடக்கும், குளிர்த்தி பாடுவார்கள். அம்மை முதலிய வெப்பு நோய்கள் தணிய வேண்டும் என்ற வேண்டுதல் அதற்குள் இருக்கிறது. அம்மை உலகத்தை விட்டே போன பிறகும் அந்தப் பயத்தின் நினைவை ஒரு சடங்கு காத்து வைத்திருக்கிறது. இது நம் வழிபாடு இல்லை. ஆனால் பக்கத்து ஊர் மக்கள் நோயை எப்படி நினைத்தார்கள் என்பதை அறிய இதைவிட நல்ல பாடம் இல்லை.

அதே வாவியின் நடுவில் மாந்தீவு. தொழுநோயாளரைப் பிரித்து வைக்க வெள்ளையர் காலத்தில் வைத்தியசாலை கட்டிய தீவு. ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான். நோய் குணமான பிறகும் வீட்டுக்குப் போக முடியாமல், போனால் வீட்டார் ஏற்பார்களா என்று தெரியாமல் அங்கேயே முதிர்ந்தவர்கள் உண்டு. நோயால் இறந்தவரை மட்டும் நினைத்தால் போதாது, நோயிலிருந்து தப்பி வந்தவரையும் நினைக்க வேண்டும் என்பதை மாந்தீவு சொல்கிறது. கொவிட் காலத்தில் "அவங்கட வீட்டுக்குப் போகாதீங்க" என்று தெருவே ஒதுக்கிய வீடுகள் நம் ஊரிலும் இருந்தன. வாசலில் ஒட்டிய தாள் கிழிந்துவிட்டது. ஒதுக்கப்பட்ட பிள்ளையின் மனதில் ஒட்டியது கிழிந்ததா தெரியாது.

*வாவிக் கரையில் நாம் நினைக்கும் விதம்*

நினைவுச் சின்னம் என்றால் மட்டக்களப்புக்குப் புதிதில்லை. காத்தான்குடியில் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் குண்டு துளைத்த அடையாளங்களைப் பூசி மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். சிற்பி எவரும் செதுக்கவில்லை. ஆனால் அங்கே போன பிள்ளை மறப்பதில்லை. ஏறாவூருக்கு அதே மாதத்து ஓர் இரவு. சத்துருக்கொண்டானுக்கு 1990 செப்டெம்பர் 9. கொக்கட்டிச்சோலைக்கு 1987 ஜனவரி 28. நாவலடிக்கு 2004 டிசம்பர் 26. சியோன் தேவாலயத்துக்கு 2019 ஏப்ரல் 21, அந்த உயிர்த்த ஞாயிறு. இறந்தவர்களில் எத்தனையோ பிள்ளைகள்.

இந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். சுனாமியைத் தவிர மற்றவை ஒவ்வொரு சமூகத்தின் தனி நாட்கள். நம் நாளில் அவர்கள் வருவதில்லை, அவர்கள் நாளில் நாம் போவதில்லை. ஒருவருடைய நினைவுத்தூபி அடுத்தவருக்குக் குற்றச்சாட்டாகத் தெரிகிறது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வரலாறு படிப்பிக்கிறவர்கள் இதை மறைக்க முடியாது.

சூடுபத்தினசேனை வேறு மாதிரி. அங்கே நான்கு மதத்தவர்கள் ஒரே மண்ணில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். மரணத்துக்குக் காரணமும் பக்கத்து ஊர் மனிதன் இல்லை. அங்கே நாம் எழுப்பும் எதுவும் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக இருந்தால், அந்த 642 பேரையும் இரண்டாம் தடவை புதைத்தவர்களாவோம்.

*முதல் நினைவுச் சின்னம் ஏற்கெனவே செய்யப்பட்டது*

இதைப் பலர் கவனிக்கவில்லை. 2020 டிசம்பரில் அந்தக் குழந்தை எரிக்கப்பட்ட பிறகு, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமா? சிங்களவர், தமிழர், கிறிஸ்தவ மதகுருமார் எல்லோரும் கட்டினார்கள். யாரும் கோஷம் போடவில்லை. கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று போனார்கள். வேலி வெள்ளையானது. இரவோடு இரவாக அவை அகற்றப்பட்டன. பிறகு ஊர் ஊராக வீட்டுக் கேற்றிலும் மதிலிலும் வெள்ளைத் துணி ஏறியது.

கபன் துணியைவிட எளிமையான பொருள் உலகத்தில் இல்லை. தையல் இல்லை, பை இல்லை, ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை. அந்த 276 பேரில் பலருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் ஒரு முழத் துணி அத்தனை பேசியது. நாம் இனி எதைச் செய்தாலும் அந்த வேலியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

உலகத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களை வெளியே சொல்ல வெட்கப்பட்ட காலத்தில், குடும்பத்தாரும் நண்பர்களும் ஆளுக்கொரு துணித் துண்டு தைத்தார்கள். 1987 ஒக்டோபர் 11இல் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஒரு கபுறின் அளவு. இன்று அது சுமார் 50,000 துண்டுகளாக வளர்ந்திருக்கிறது. லண்டனில் பாராளுமன்றத்துக்கு எதிரே, தேம்ஸ் நதிக் கரையில், 2021 மார்ச் 29இல் கொவிட்டில் உறவை இழந்தவர்கள் ஒரு நீண்ட மதிலில் சிவப்பு இதயங்கள் வரையத் தொடங்கினார்கள். ஓர் உயிருக்கு ஒன்று. முதலில் சுமார் 150,000. பிறகு இரண்டு இலட்சம் தாண்டியது. முதலில் பாவித்த பேனா மை வெயிலில் மங்கியது. தொண்டர்கள் வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்து மறுபடி தீட்டுகிறார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் வாஷிங்டனில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சின்ன வெள்ளைக் கொடிகளை ஊன்றினார்கள். வந்தவர்கள் தங்கள் உறவின் பெயரை அதில் எழுதினார்கள்.

மூன்றிலும் பாடம் ஒன்றே. பெரிய சிற்பியைத் தேடி யாரும் காத்திருக்கவில்லை. பறிகொடுத்தவர்களின் கையே வேலை செய்தது. மங்கும்போது திரும்பத் தீட்டுவதும் நினைவின் ஒரு பகுதி ஆனது.

*மார்க்கம் என்ன சொல்கிறது?*

கபுறின் மேல் கட்டடம் எழுப்புவதை, சாந்து பூசுவதை உலமாக்கள் தடுக்கிறார்கள். உருவச் சிலை நமக்கு ஆகாது. நினைவு தினக் கூட்டம் பற்றியும் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. இவற்றை ஓரம் தள்ளிவிட்டுத் திட்டம் போட்டால் அது முதல் நாளே சண்டையில் முடியும். எனவே கபுறுகளை அப்படியே விட வேண்டும். எண் போட்ட அந்தக் கற்களைக்கூட அசைக்கத் தேவையில்லை. நினைவிடம் மையவாடி எல்லைக்கு வெளியே, நுழைவாசல் பக்கம் இருக்கட்டும். கபுறை ஸியாரத் செய்ய வருபவர் நேராக உள்ளே போகலாம். ஊர் பிள்ளைகள், பிற மதத்தவர்கள், நாளை வரும் ஆராய்ச்சி மாணவர்கள் வெளியே நின்று வாசிக்கலாம். பெயர் எழுதுவதும் துஆ கேட்பதும் எந்த மத்ஹபுக்கும் பிரச்சினை தராது. கொள்ளைநோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டு என்ற நபிமொழி நமக்கு ஆறுதல். மற்ற மதத்தவர்களுக்கு அவரவர் ஆறுதல் எழுத இடம் விட வேண்டும்.

*அப்படியானால் என்ன செய்யலாம்?*

பேச்சுக்கு ஒரு வரைவு. திருத்துங்கள், வெட்டுங்கள், மறுத்தும் எழுதுங்கள்.

முதலாவது, பெயர்ப் பதிவேடு. சுவர் பிறகு கட்டலாம். பெயர், ஊர், வயது, இறந்த திகதி, கபுறு எண். 3,634 பேருக்கு. எரிக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பக்கம். 276 முஸ்லிம்களோடு, அடக்கத்தை விரும்பியும் எரிக்கப்பட்ட பிற மதத்தவர்களும் அதில் வர வேண்டும். அவர்களுக்கு உலகத்தில் ஒரு மீஸான் கட்டைகூட இல்லை. அவர்களின் பெயர் நிற்கும் ஒரே இடமாக இது இருக்கும். குடும்பம் விரும்பாவிட்டால் பெயருக்குப் பதில் வெறும் கோடு. அதுவும் ஒரு ஆள்தான்.

இரண்டாவது, பெயர்கள் இடுப்பு உயரச் சுவரில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அண்ணாந்து பார்க்கும் தூண் வேண்டாம். முதிய உம்மா ஒருவர் குனியாமல் கை வைத்துத் தடவ முடிய வேண்டும். பெயர்கள் மத வாரியாகப் பிரிக்காமல், அடக்கப்பட்ட நாள் வரிசையில். அவர்கள் அப்படித்தான் மண்ணுக்குள் போனார்கள்.

மூன்றாவது, துணி. சுவருக்கு மேலே கம்பி ஒன்று ஓடட்டும். மருதமுனைக் கைத்தறியில் நெய்த வெள்ளைத் துணித் துண்டுகளை வருகிறவர்கள் அதில் கட்டட்டும். வெயிலும் மழையும் அதைத் தின்னும். ஒவ்வொரு மார்ச்சிலும் பாடசாலைப் பிள்ளைகள் கழற்றிப் புதியது கட்டட்டும். ஒரே இரவில் அகற்றப்பட்ட துணி வருடா வருடம் திரும்பி வரும். பன் பாய் இழைக்கும் நம் பெண்களும் இந்த வேலையில் வேண்டும். நிழலில் விரித்து உட்கார ஒரு பாய் இல்லாத நினைவிடத்தில் தூரத்திலிருந்து வந்தவர் எவ்வளவு நேரம் நிற்பார்?

நான்காவது, தப்பியவர்களும் தாங்கியவர்களும். அம்புலன்ஸ் சாரதி, தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், இரவில் விளக்கு வெளிச்சத்தில் பெக்கோ ஓட்டியவர், பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து ஜனாஸாத் தொழுகை நடத்தியவர்கள், ஓட்டமாவடி, வாழைச்சேனை இளைஞர்கள், பிரதேச சபை ஊழியர்கள். ஒரே நாளில் பல ஜனாஸாக்கள் வரிசையாக வந்து நின்ற 2021 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை அவர்கள் வாயால் பதிவு செய்ய வேண்டும். பக்கத்தில் புணானைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் நாள் எண்ணியவர்களின் கதையும் அதோடு சேரும். ஒலிப்பதிவாக இருந்தால் போதும். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எங்கே?

ஐந்தாவது, மஜ்மா நகர் மக்கள். காடாக, பயிர் நிலமாகக் கிடந்த இடம் நாடே வரும் மையவாடி ஆனது. அதற்குள் காணி போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நட்டஈடும் மாற்றுக் காணியும் தீராமல் அழகான சுவர் கட்டினால், இரணைதீவில் நடக்கவிருந்த அநியாயத்தை நம் கையாலேயே செய்து முடித்ததாகும். குடிதண்ணீர்க் குழாயும் நல்ல பாதையும் முதலில் அந்தக் கிராமத்துக்கு வரட்டும்.

ஆறாவது, 2024 ஜூலை மன்னிப்பு அந்த இடத்தில் எழுதப்பட வேண்டும். திகதியோடு, அமைச்சரவை முடிவு என்ற சொல்லோடு. வசைச் சொல் ஒன்றும் கூட்டத் தேவையில்லை. எரித்த வர்த்தமானியின் திகதியையும் அதன் பக்கத்தில் வைத்தால், இடையில் போன நான்கு வருடத்தை வாசிக்கிறவர் தானே எண்ணிக்கொள்வார்.

*இரண்டு ஆட்சேபனைகள்*

"இந்தச் சல்லிய ஏழைக்குக் குடுத்தா என்ன?" நியாயமான கேள்வி. அதனால்தான் சலவைக்கல்லும் கோபுரமும் கேட்கவில்லை. பதிவேட்டுக்குக் கொப்பியும் மனிதர்களும்தான் தேவை. அடுத்தது, உழைப்பாளியை இழந்த குடும்பங்கள் எவை என்று தெரிந்தால்தானே உதவியும் சரியாகப் போகும்? பெயர் தெரியாதவனுக்கு ஸகாத்தும் போய்ச் சேராது.

"இது வெறுப்பை வளர்க்குமே?" மறைத்து வைத்ததுதான் வளர்த்தது என்பதைக் கிழக்கு மாகாணம் முப்பது வருடம் பார்த்தது. நான்கு மதத்துப் பெயர்களும் ஒரே சுவரில் கலந்து நிற்கும்போது அதை எந்த அரசியல்வாதி ஒரு பக்கத்துக்கு இழுக்க முடியும்? நாளைக்கு இன்னொரு நோய் வரத்தான் போகிறது. அன்று அதிகாரத்தில் இருப்பவர் பயத்தில், அல்லது வாக்குக் கணக்கில், இன்னொரு சிறுபான்மையின் மையித்தின் மேல் சட்டம் எழுத நினைக்கலாம். "முன்பு ஒருமுறை இப்படிச் செய்து பிறகு மன்னிப்புக் கேட்டீர்கள்" என்று காட்ட அன்று ஓர் இடம் வேண்டும். அந்தச் சிறுபான்மை நாமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை.

யார் முடிவெடுப்பது என்பதும் முக்கியம். பள்ளிவாசல் நிர்வாகமும் அரசியல்வாதியும் மட்டும் உட்கார்ந்து முடித்துவிடக் கூடாது. பறிகொடுத்த குடும்பங்கள், அதிலும் பெண்கள், முன்வரிசையில் இருக்க வேண்டும். அந்த 642 பேரின் வீட்டார் அழைக்கப்பட வேண்டும். மஜ்மா நகர் விவசாயிக்கு ஒரு நாற்காலி வேண்டும். ஓவியம் தெரிந்த பிள்ளைகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து வெளியாகிறார்கள், கல்லடியில்தான் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு இந்த மண்ணைக் காட்டினால் நாம் யோசிக்காத வடிவம் ஒன்றை அவர்கள் யோசிப்பார்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் குடும்பத்தில், தெருவில், அந்த இரண்டு வருடத்தில் போனவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடக்கப்பட்டாரா, எரிக்கப்பட்டாரா, எந்த நாள், கபுறு எண் என்ன, யார் கூடப் போனார்கள், யாரைப் போக விடவில்லை. தெரிந்த முதியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் பேனாவை அதன் கையில் கொடுங்கள். எழுதிய பிரதி ஒன்றை உங்கள் பள்ளிவாசலிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ விகாரையிலோ ஒப்படையுங்கள்.

அல்லாஹ் அவர்கள் எல்லோரின் குடும்பங்களுக்கும் பொறுமையைத் தரட்டும்.